எந்த ஒரிஜினல்?

போன வருஷக் கடைசியில் ஒரு ராத்திரி அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினாள். அவளே கிடார் வாசித்து, அவளே பாடி, கல்லூரி விடுதி அறையில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனில் பதிவு செய்தது. ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது. சுருதி எங்கும் விலகவில்லை. ஒரு சொல்லைக்கூட அவள் மென்று விழுங்கவில்லை. ஆனால் பாட்டு எனக்குத் தெரிந்த வேகத்தில் பாதிதான் நடந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் கிடார் கம்பி அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் அடுத்த வரியை எடுத்தாள். சரணத்துக்கு முன்னால் வரும் இசை மொத்தமாகவே இல்லை. கேட்டு முடித்ததும் உள்ளுக்குள் ஒரு எரிச்சல். அதை அவளிடம் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. “குரல் பிரமாதம்டா. ஆனா ஒரிஜினல் மாதிரி வராது” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. “எந்த ஒரிஜினல் மாமா?”

குதர்க்கமாகக் கேட்கவில்லை, அவள் சுபாவம் அப்படி இல்லை. ஒரு வாரமாக அந்தப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறாள். செயலியில் அதே பாட்டுக்கு நாலைந்து பதிவுகள் கிடந்ததாம், நீளத்தில் ஒன்றுக்கொன்று சில விநாடி வித்தியாசம். நான் “1964ல படத்துல வந்தது” என்று எழுதினேன். “அதுலயே ரெண்டு இருக்கே” என்றாள். இருக்கிறதுதான். ‘புதிய பறவை’யில் அந்தப் பாட்டு இரண்டு தடவை வருகிறது. முதலில் சிங்கப்பூர் நைட் கிளப் மேடையில் சௌகார் ஜானகி பாடுவதாக, துள்ளலாக. பிறகு அதே பல்லவி சோகமாக. இரண்டும் சுசீலாதான், இரண்டும் விஸ்வநாதன் - ராமமூர்த்திதான். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கூடவே சுற்றியது.

எல்லாம் ஏன் மெதுவாகிறது

எனக்கு முதலில் பிடிபட்டது வேகம்தான். கடந்த சில வருஷங்களில் வந்த கவர் பாட்டுகளை, அதாவது ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் மறுபடி பாடிப் பதிவு செய்தவற்றை, வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். துள்ளிக் குதித்த பாட்டுகள் எல்லாம் மெதுவாகிக்கொண்டே போகின்றன. காதலிக்க ஆரம்பித்தவன் பாடியதும், கேலிப் பாட்டும், வயலில் வேலை செய்யும் பெண்கள் பாடியதும் ஒரே நடையில், ஒரே சோகத்தில், மூச்சுக் காற்று காதில் படுகிற மாதிரி பாடப்படுகின்றன. மெதுவாகப் பாடினால் ஆழமாகப் பாடுவதாக ஒரு நம்பிக்கை எங்கிருந்தோ வந்துவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. நம் பாட்டுகளின் பெரிய சாமர்த்தியமே வலியை ஆட வைத்ததில் இருந்தது. வார்த்தை ஒரு பக்கம் இழுக்கும், தாளம் இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன் தவிப்பான். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’வே அப்படித்தான். என்னை மறந்துவிட்டாயா என்று கேட்கும் கேள்வி அது. அதைச் சபை நடுவே, மேற்கத்திய நடனத் தாளத்தில், தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு பெண் கேட்கிறாள். தாளத்தை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்டால், வரிக்கு அடியில் இருந்ததை மேலே எடுத்துப் போட்டு இதுதான் அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் அந்தப் படத்திலேயே சோக வடிவம் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் யோசித்தேன். ஒரே மெட்டை ஒரு தடவை சந்தோஷமாகவும் ஒரு தடவை அழுகையாகவும் போடுவது நம் படங்களில் ரொம்பப் பழைய பழக்கம், எல்லோருக்கும் நாலைந்து உதாரணம் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டாவது வடிவம் நம்மைக் கலங்கடிப்பது முதலாவதை ஏற்கெனவே கேட்டிருப்பதால்தான். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் காதில் அந்தத் துள்ளல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மெதுவாக வரும்போது என்ன தொலைந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு இசையமைப்பாளரே தன் பாட்டுக்குச் செய்துகொண்ட கவர் என்று அதைச் சொல்லலாம். இன்றைய கவர் முதல் வடிவத்தைக் காட்டாமல் நேராக இரண்டாவதுக்கு வந்துவிடுகிறது. எதையும் இழப்பதற்கு முன்னாலேயே துக்கம் விசாரிப்பது போல எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் அவளிடம் நீளமாக எழுதி அனுப்ப நினைத்து, எழுதி, அழித்தேன். ஏனென்றால் அந்தப் போர்வை ஞாபகம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கும்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குரலை எவ்வளவு ஏற்ற முடியும்? 1964இல் சுசீலா ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்றபோது சுற்றிலும் இசைக்குழு முழுதாக உட்கார்ந்திருக்கும். வயலின், குழல், டிரம்ஸ், தபலா எல்லாம் அந்த நேரத்திலேயே வாசிக்கப்படும். யாராவது ஒருவர் ஒரு சுரம் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அத்தனை பேருக்கு நடுவில் குரல் நிற்க வேண்டும் என்றால் குரலுக்குள்ளேயே ஒரு தெம்பும் நிமிர்வும் வந்தாக வேண்டும். வேகத்தையும் அந்தக் கூட்டமே தாங்கிக்கொள்ளும். இன்றைக்குக் கவர் பாடுகிறவரோ தனி ஆள், ஒற்றைக் கிடார், பாஸ் கிடார் கிடையாது, தாளம் கிடையாது. அந்த வேகத்தில் பாடினால் எலும்புக்கூடு ஓடுவது மாதிரி இருக்கும், ஆகவே மெதுவாக்கி, எதிரொலியைச் சேர்த்து இடத்தை நிரப்புகிறார்கள். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து முணுமுணுப்பாகப் பாடுகிறார்கள். நான் ரசனைக் கோளாறு என்று நினைத்ததில் பாதி இட நெருக்கடி. மீதிப் பாதி நிஜமாகவே ரசனைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். (1997இல் வந்த ஆட்டோ-டியூன் வகை மென்பொருள்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். குரலை அருகில் உள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்பதோ இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தில்தான் வாழ்கிறது. கவனமில்லாமல் போட்டால் அசைவுகள் மழுங்கிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அவள் அதைப் போடவில்லை, அதற்காகவே அவளுக்கு இன்னொரு பாராட்டு அனுப்பியிருக்க வேண்டும்.)

ரெக்கார்ட் மாதிரியே

கவர் என்ற சொல் நமக்குப் புதிது, அந்த வேலை புதிதல்ல. திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் பாடிய மெல்லிசைக் குழுக்கள் செய்தது வேறென்ன? ஆனால் அவர்களுடைய லட்சியம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பெரியவர்கள் சொல்லும் உச்சபட்சப் பாராட்டு “அப்படியே ரெக்கார்ட் மாதிரியே இருந்துச்சுப்பா” என்பதுதான். இன்றைக்கு ஒரு கவருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு “வித்தியாசமா பண்ணியிருக்காங்க”. முதல் பாராட்டுக்காக மெல்லிசைக் கலைஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எழுதிய இசைக்குறிப்பு யாரிடமும் கிடையாது. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு வாத்தியமாகக் காதால் பிரித்து எடுத்தார்கள். ஐந்து வயலின் வாசித்ததை ஒரே வயலினும் ஒரு கீபோர்டும் சமாளிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வயலின்காரர் பகலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் கிடார் துண்டுகளை, கிடார் ஆள் வராத ஒரு நாள், வயலினில் விரலால் மீட்டியே வாசித்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பாடியவருக்கு அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் விழவில்லை.

ஆனால் இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. இளையராஜாவும் அவர் சகோதரர்களும் பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய காலத்தில், ஊருக்கெல்லாம் தெரிந்த சினிமா மெட்டுகளில் கட்சிக்கான வரிகளைப் போட்டுத்தான் பாடினார்கள். மெட்டு அப்படியே, சொல் மொத்தமும் புதிது. 2004இல் ரஹ்மான் இதைத் தலைகீழாகச் செய்தார்: ‘படகோட்டி’யில் வாலி எழுதிய ‘தொட்டால் பூ மலரும்’ வரிகளை எடுத்துக்கொண்டு ‘நியூ’ படத்துக்கு மெட்டைப் புதிதாகப் போட்டார். இரண்டில் எது பாட்டு? வரியா, மெட்டா? எஸ்.பி.பி. தான் பாடிய பாட்டையே மேடைக்கு மேடை கொஞ்சம் மாற்றிப் பாடுவார், ஒரு சிரிப்பை நுழைப்பார், ஒரு சங்கதியை நீட்டுவார். யாரும் அவரைப் பார்த்து ஒரிஜினல் மாதிரி வரவில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ‘நாயகன்’ படத்தின் ‘தென்பாண்டிச் சீமையிலே’யை இளையராஜா குரலிலும் கமல் குரலிலும் கேட்கிறோம், ஒன்றை இன்னொன்றின் நகல் என்று நினைப்பதே இல்லை. அவளுடைய கேள்வி இப்படித்தான் எனக்குள் கிளை விட்டுக்கொண்டே போனது. ஆனாலும் நான் பிடிவாதமாகத்தான் இருந்தேன். எனக்கு ஒரு ஒரிஜினல் இருந்தது. அது எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்பாவின் கேசட்

அப்பா ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட் அது. அந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை: நோட்டுத் தாளில் பிடித்த பாட்டுகளை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்து வைத்திருப்பார். பட்டியல் போடுவதற்கு அப்பா இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று யோசித்து, அடித்து, திருத்தி எழுதுவார். கேசட் அட்டையின் உள்பக்கம் அவர் கையெழுத்தில் ‘ஏ’ பக்கம் ஏழு, ‘பி’ பக்கம் ஏழு. ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ ‘பி’ பக்கத்தில் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஓடாத வாரமே எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கேசட் என்னிடம்தான் இருக்கிறது.

இதுதான் ஒரிஜினல் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. டேப் ரெக்கார்டர் பெல்ட் தளர்ந்து கிடந்தது. அதை மாற்ற ஆள் தேடவே இரண்டு வாரம் ஆனது. ஒருவழியாக ஓட வைத்து, போனில் பதிவு செய்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். “மாமா, சூப்பரா இருக்கு. ஆனா இது அரைக்கட்டை மேல இருக்கு. ஸ்பீடும் ஜாஸ்தி” என்றாள். நான் நம்பவில்லை. புதுப் பெல்ட் போட்டதில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். அவள் வைத்த பிறகு, கம்பெனி வெளியிட்ட வேறு ஒரு கேசட்டை அதே டேப்பில் போட்டு, அதே பாட்டைப் போனில் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சுருதி. டேப்பில் குற்றமில்லை. அப்பாவின் கேசட்டில்தான்.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கேசட் ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. பதிவு செய்த இயந்திரம் தேய்ந்து அதைவிட மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓடும் நம் வீட்டு டேப்பில் போடும்போது பாட்டு விரைந்து ஓடும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். நான்கு நிமிடப் பாட்டில் 13 விநாடிக்கு மேல் குறைந்துபோகும். இசைத்தட்டைச் சுழற்றிய தட்டு வேகமாகச் சுழன்றிருந்தாலும் இதே கதிதான். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது, அப்பாவுக்கும் தெரியாது. தெரியாமலேயே முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வீடு முழுக்க அந்தப் பாட்டை அரைக்கட்டை மேலே வைத்து முணுமுணுத்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி செயலியில் இருந்த பதிவை முதல் தடவையாக, வேறு பாட்டைக் கேட்பது மாதிரி, கேட்டேன். முன்பும் பல முறை அது காதில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. டிஜிட்டல் ஆக்கும்போது கெடுத்துவிட்டார்கள் என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது கேட்கும்போது சுசீலாவின் குரல் என் கேசட்டில் இருப்பதைவிடக் கனமாக, நிதானமாக இருந்தது. என் கேசட்டில் பாடுகிறவள் பதினாறு, பதினேழு வயதுப் பெண். 1964இல் சுசீலாவுக்கு வயது 28. தான் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கும் ஒரு பெண்ணின் குரல் அது. நான் சின்ன வயதிலிருந்து காதலித்த அந்தக் குரல் யாரிடமும் இருந்ததில்லை. தேய்ந்த ஒரு மோட்டார் அதைச் செய்திருக்கிறது. அக்கா மகள் பாடியது பாதி வேகம் என்று எரிச்சல்பட்டேனே, அந்தக் கணக்கை நான் போட்டதும் இந்த மோட்டாரை வைத்துத்தான்.

தூக்கம் வரவில்லை. விளையாட்டாக அல்ல, நிஜமாகவே ஏதோ ஒன்று கையைவிட்டுப் போன மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையில் அதிலிருந்து மீள உதவியது பாரதி. ‘சின்னஞ்சிறு கிளியே’ என்றவுடன் நம் எல்லோர் காதிலும் ஓடுவது காபி ராகத்தில் தொடங்கி ராகம் மாறி மாறிப் போகும் அந்த மெட்டு, சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடி, 1951இல் ‘மணமகள்’ படத்தில் வந்தது. அதை ஒரிஜினல் என்று நினைத்துத்தான் பிறகு வந்த எல்லாவற்றையும் அளக்கிறோம். ஆனால் ‘கண்ணன் பாட்டு’ புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பாட்டின் தலைப்பில் பாரதி ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று போட்டிருக்கிறார், சுரமும் கொடுத்திருக்கிறார். கூடவே, அந்தச் சுரங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவத்துக்குத் தக்கபடி மாற்றிப் பாடச் சொல்லியும் இருக்கிறார். பாட்டை எழுதியவரே வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தகம் அலமாரியில் இருபது வருஷமாக இருக்கிறது, அந்த இரண்டு வரிகளை நான் தாண்டித் தாண்டித்தான் படித்திருக்கிறேன்.

சட்டம்கூட இந்த விஷயத்தில் என்னைவிடத் தெளிவாக இருந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு வேறு, பதிவு வேறு. ஒலிப்பதிவுக்கு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்; ஆகவே 1964இல் வெளிவந்த பதிவின் காலம் 2024 முடிவோடு முடிந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவர் மறைந்த பிறகு 60 வருஷம். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’வை எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981இல், அவர் வரிகள் 2041 கடைசி வரை பாதுகாப்பில் இருக்கும். 2012இல் சேர்த்த 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே இருக்கிறது: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கான உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், வரியிலோ இசையிலோ தன்னிஷ்டத்துக்கு மாற்றம் செய்யக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது மெல்லிசைக் குழுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதின மாதிரி இருந்தது.

இடையில் இருந்தவர்கள்

இத்தனைக்கும் பிறகு என் புகாரில் என்ன மிச்சம்? வேகத்தைப் பற்றிக் கறாராகப் பேசும் தகுதி எனக்குப் போய்விட்டது. குரலைப் பற்றியும் அதேதான். ஆனால் ஒன்று மட்டும் கரையாமல் அப்படியே நின்றது, யோசிக்க யோசிக்கக் கூர்மையாகவும் ஆனது. அந்தச் சரணத்துக்கு முன்னால் வரும் இசை.

கவர் பாடுகிறவர்களில் பெரும்பாலானோர் பல்லவி, சரணம், பல்லவி என்று போகிறார்கள். நடுவில் கிடாரில் நாலு தட்டு. பாட்டு என்றால் பாடப்படும் பகுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டுகள் அப்படிக் கட்டப்படவில்லை. பல்லவி முடிந்து சரணம் வேறு ஒரு இடத்தில், சில சமயம் மேல் ஸ்தாயியில், சில சமயம் சற்றும் எதிர்பாராத சுரத்தில் தொடங்கும். அங்கே நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது இடையிசை. அது வளைந்து வளைந்து ஏறி, ஒரு இடத்தில் நின்று, இப்போது எடு என்று பாடகருக்குச் சொல்லும். அதை வெட்டினால் சரணம் திடுதிப்பென்று வருகிறது, மாடிப்படி இல்லாத மாடி மாதிரி. இளையராஜா பாட்டுகளில் இது இன்னும் தீவிரம், அங்கே இடையிசையே தனிக் கதை. ‘இளைய நிலா’வை முணுமுணுக்கும் யாரும் அந்தக் கிடாரையும் சேர்த்துத்தான் வாயால் வாசிக்கிறார்கள், வரியை மட்டும் பாடி நிறுத்துகிறவரை நான் பார்த்ததே இல்லை.

அந்த இடையிசையை வாசித்தவர்கள் யார்? பழைய இசைத்தட்டு உறைகளைத் திருப்பிப் பாருங்கள். படம், பாடியவர், எழுதியவர், இசை. வாசித்தவர்கள் பெயர் அநேகமாக எதிலும் இருக்காது. காலையில் ஒரு கூடம், மத்தியானம் இன்னொரு கூடம் என்று வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், நம் ஞாபகத்தில் சரிபாதியை நிரப்பிவிட்டு, பெயரில்லாமல் போனார்கள். அவர்கள் இருந்ததற்கு இருக்கும் ஒரே தடயம் அந்த முப்பது நாற்பது விநாடிகள்தான். மெல்லிசைக் குழுவின் அந்தக் குமாஸ்தா வயலின்காரர், தெரிந்தோ தெரியாமலோ, முகம் பார்க்காத இன்னொரு வாத்தியக்காரருக்குச் செய்தது பெரிய மரியாதை. இன்றைய கவரில் முதலில் வெட்டுப்படுவது அந்த இடம்தான். மாற்றிப் போடுங்கள், வேறு வாத்தியத்தில் போடுங்கள், வாயால் பாடுங்கள், ஆனால் அந்த இடத்தில் ஏதாவது இருக்கட்டும். இதைச் சொல்வதற்கு எந்த ஒரிஜினலும் என் கையில் இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

பொங்கல் விடுமுறைக்கு அவள் வந்தபோது இதைத்தான் சொன்னேன். முதலில் அந்த மெசேஜுக்கு மன்னிப்புக் கேட்டேன், அவள் அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தாள். இடையிசை விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அது எனக்கு வாசிக்க வரலை மாமா, அதான் விட்டுட்டேன்” என்றாள். அப்புறம் கேசட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அட்டையை வெளியே எடுத்து, தாத்தாவின் கையெழுத்தில் இருந்த பதினாலு பாட்டையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். அவளுக்கு அதில் ஐந்துதான் தெரிந்தது. தாத்தா போனபோது அவள் மூன்றாம் வகுப்பு.

‘பி’ பக்கத்தைப் போட்டேன். இரண்டு பாட்டு தாண்டி மூன்றாவது வந்தது, முன்னால் அந்தப் பழகிய இரைச்சலோடு. அவள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லவி முடிந்து இடையிசை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். “நிறுத்துங்க, பின்னாடி சுத்துங்க” என்றாள். சுற்றினேன். மறுபடி. மறுபடி. ஆறேழு தடவைக்கு அப்புறம் பையிலிருந்து, கிடார் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேபோ என்ற கவ்வியை எடுத்து முதல் கட்டில் மாட்டினாள், கிடாரின் சுருதி அரைக்கட்டை ஏறியது. கேசட்டோடு சேர்த்து ஒரு கம்பியை மீட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. “சரியா அரைக்கட்டை இல்ல மாமா, ஒரு துளி கம்மி” என்று சொல்லி, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறக்க ஆரம்பித்தாள்.